ஒரே கம்பளி

எங்கள் வீட்டில் கம்பளி ஆறுவதில்லை.

ஐந்தரைக்குப் புஷ்பவதி எழுவாள்.
ஐந்தே முக்காலுக்கு நான் வருவேன்.
அவளுக்கு ஆறு மணி பஸ்.
இடையில் அந்தக் கால்மணி நேரம்
தேநீருக்கும் சில்லறைக்கும்
துவாரகாவின் டைரியில்
யார் கையெழுத்துப் போடுவது என்பதற்கும்.
பிறகு அவள் விட்டுப்போன சூட்டுக்குள்
ஈரக்கால்களை நுழைத்துக்கொள்வேன்.
பதினோரு வருடத்தைப்
பதினைந்து பதினைந்து நிமிடமாக
வாழ்ந்திருக்கிறோம்.

இரவு பத்துக்குக் கேத்தி பாலாடாவில்
மெஷின் ஓடத் தொடங்கும்.
பிக்கப்பில் வந்து இறங்கும் மூட்டைகளில்
கேரட் இருக்கிறதென்று
நம்பித்தான் ஆகவேண்டும்,
அவ்வளவு மண்.
டிரம் சுற்றும். தண்ணீர் பீய்ச்சும்.
காப்பிக்கொட்டை நிறத்தில் ஓர் ஓடை
என் பூட்ஸைத் தாண்டிப் போகும்.
பிறகு
டியூப்லைட்டுக்குக் கீழே
சட்டென்று அந்த நிறம்.

இத்தனை வருடம் பார்த்தும்
ஒரு கணம் கை நின்றுவிடுகிறது.
பெள்ளி அண்ணனிடம் இதைச் சொன்னதில்லை.
கை நிற்பதற்குக் கூலி கிடையாது.

விடியுமுன் லாரி மேட்டுப்பாளையம் இறங்கும்.
அங்கே ஏலம் போய்
விலையும் ஏறி, கொண்டை ஊசிகளும் ஏறி
ஊட்டிக்கே திரும்பும் சில மூட்டைகள்,
புஷ்பவதி சமைக்கும் ஹாஸ்டலுக்கு.
இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளின் சாம்பாருக்கு
வட்ட வட்டமாய் நறுக்குவாள்.
'நேத்து உன் கேரட்ட பாத்தேன்,
ஒண்ணுலயும் உன் பேரு இல்ல'
என்பாள், டம்ளரை நீட்டியபடி.
அவள் சாம்பாரிலும் அவள் பேர் இல்லை.
தட்டு காலியாய் வந்தால் போதுமாம்.
எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.
ஏறக்குறைய.

தை மூன்றாம் வாரம்.
புல்லில் உப்புக் கொட்டியது போல் உறைபனி.
இரவு ஒரு மணிக்கு மோட்டார் கருகியது.
'ஆள் வந்ததும் கூப்பிடுறேன், வீட்டுக்குப் போங்க'
என்றார் பெள்ளி அண்ணன்.

சாவி திரும்பிய சத்தத்துக்கே
'என்ன, வேல போச்சா?' என்றாள் இருட்டிலிருந்து.
மோட்டார் என்றேன்.
'அப்ப வந்து படு.'

எங்கே?
சுவரோரம் துவாரகா, இந்த ஓரம் அவள்,
நடுவில் ஒரு சாண்.
லீவு ராத்திரிகளில் தூக்கம் வராமல்
நாற்காலியிலேயே கிடப்பவன் நான்.
பகலில் கட்டில் முழுக்க என்னுடையது.
இப்போது
பஸ்ஸில் இடம் கேட்பவன் போல் நின்றேன்.

கம்பளியைத் தூக்கிக் காட்டினாள்.
முதுகில் என் கை பட்டதும்
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.
அந்தக் கையையே இழுத்து
வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.
மூன்று பேர் மூச்சுவிட்டால்
ஓர் அறையில் இவ்வளவு சத்தமா?
பிள்ளை தூக்கத்தில்
'ஏழெட்டு' என்றது.
விடை சொல்லவில்லை.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
பள்ளத்தாக்கில் மெஷின் ஓடாதது
காதில் விழுந்துகொண்டே இருந்தது.
மூட்டைகள் குவிந்து கிடக்கும்,
மண்ணோடு,
யாரும் நிறம் பார்க்காமல்.
கேரட்டை நினைத்து விழித்திருப்பாய் என்று
எவனாவது சொல்லியிருந்தால்
சிரித்திருப்பேன்.

மூன்றே காலுக்குப் போன் அதிர்ந்தது.
'ரெடி. வா.'
வர்றேன் என்றேன்.
வரத்தான் போகிறேன்.
அவள்தான் கையை விடவில்லை.
தூங்குகிறாளா, நடிக்கிறாளா,
பார்க்க வெளிச்சம் இல்லை.
இருபது நிமிடம்
இருந்தேன்.

தாமதத்துக்கு ஐம்பது ரூபாய் பிடித்தார்கள்.
நியாயம்தான், லாரி காத்து நின்றது.

செலவு நோட்டில்
பால், காஸ், துவாரகாவின் ஷூ
என்று எழுதி வந்தவன்
அந்த ஐம்பதில் நின்றேன்.
யோசித்துக் 'கம்பளி' என்று எழுதினேன்.

புஷ்பவதி எட்டிப் பார்த்தாள்.
'அம்பதுக்கு எந்தக் கடையில குடுக்கறான்?'
என்று கேட்டுக்கொண்டே
பஸ் ஹாரனுக்கு ஓடினாள்,
ஒரு கால் செருப்பை மாட்டியும் மாட்டாமலும்.